ஓரத்து விரல்

நித்திலா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த வீட்டில் படம் எடுத்தவள் அவள்தான். தன்னை எடுக்க மட்டும் யாரையும் விட்டதில்லை. அவள் எடுத்த ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அவளுடைய கட்டைவிரல் நுனி, கடித்துக் கடித்துக் குட்டையான நகத்தோடு, தவறாமல் வந்து விழுந்திருக்கும். அம்மா செண்பகம் தினமும் பார்த்தது அந்த நுனியைத்தான்.

அன்று காலை கணவர் தியாகராஜன் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன்! வருஷத் திதிக்குப் பாப்பா எடுத்த படமெல்லாம் நல்லா இருக்கணும்னு ஆல்பத்துகிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னேன்."

சொன்னதைக் கேட்டுப் படங்களைத் தானே திருத்தும் அந்த ஆல்பத்தின் சுவர்த்திரையில் படங்கள் பளிச்சென்று இருந்தன. சரிந்திருந்த கடல் நேராகியிருந்தது. முகங்களில் வெளிச்சம் கூடியிருந்தது. ஓரங்களில் ஒன்றுமில்லை.

"அவ விரல் எங்கங்க?"

அவர் முகம் வெளிறிப்போனது. ஆல்பம் ஒருமுறை திருத்தினால் எங்கெங்கோ இருக்கும் பிரதிகளும் சேர்ந்து திருந்திவிடும், பழையது மிஞ்சாது.

"கறைன்னு நெனச்சு எடுத்துருச்சு போல... இரு, திரும்ப வைக்கச் சொல்றேன்."

நொடியில் எல்லாப் படங்களிலும் ஒரு விரல் முளைத்தது. வழவழப்பான, நகம் அழகாக வளர்ந்த, யாருடையதுமில்லாத விரல்.

"இதானே? இப்படித்தானே இருந்துச்சு?" அவர் குரல் கெஞ்சியது.

மகளின் அந்தக் கடித்த நகம் அவருக்கு நினைவில்லை என்று செண்பகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. இனி அது தன் ஒருத்தியிடம் மட்டுமே இருக்கிறது.

"இதேதாங்க," என்றாள்.