காருக்கு அடியில்

பிரிந்துவிடுவது என்று முடிவானதும், தன் அப்பா கொடுத்த பழைய காரிலேயே போய்விடுவதாக ஜெசிந்தா சொன்னாள். கார் கிளம்பவில்லை. அவள் கணவன் செல்வின்தான் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றி, உள்ளே சுற்றும் ஆர்மெச்சரில் படிந்த கரியை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினான். பிறகு காருக்கு அடியில் படுத்து, மோட்டாரை ஸ்பானரால் தட்டத் தொடங்கினான். அப்படியும், கிளப்பும்போது தட்டினால்தான் அது சுற்றும்.

"நியூட்ரல்லதான இருக்கு? என்மேல ஏத்திராத."

"அதுக்கு மொதல்ல இது ஓடணுமே."

அவள் சாவியைத் திருப்பினாள். மோட்டார் முனகி நின்றது. மறுபடி திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் அவளுடைய பெட்டிகள் அதிர்ந்தன.

"ஓடிருச்சு. வெளிய வாங்க."

அடியில் ஸ்பானர் தட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்து, அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.