கேட்காத பக்கம்

பெரியநாயகம் வீடு நிறைய இசைத்தட்டுகள் சேர்த்திருந்தார். எதிலும் முதல் பக்கத்தை மட்டுமே கேட்பார். “எல்லாத்தையும் கேட்டுட்டா அப்புறம் என்னடி இருக்கு?” என்பார் மனைவி கோமளத்திடம். மறுபக்கங்கள் ஒரு கீறலும் இல்லாமல் கறுப்பாக மினுங்கிக்கொண்டிருந்தன.

இன்று அவர் கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார். கோமளம் அழவில்லை. அலமாரியில் கைக்கு வந்த தட்டை எடுத்தாள். அவர் துடைக்கும் துணியாலேயே துடைத்தாள். திருப்பிப் போட்டு ஊசியை வைத்தாள்.

பாட்டு கிளம்பியதும் கூடமே திரும்பிப் பார்த்தது. அவளுடைய தங்கை ஓடிவந்து கையைப் பிடித்தாள். “என்னக்கா இது, எழவு வீட்டுல பாட்டு?”

“இந்தப் பக்கத்த அவரு இன்னும் கேக்கலடி.”

ஐஸ் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. கோமளம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.