எந்த நேற்று

ஒரு ஆளின் பசிக்குப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் விலை நூற்றைம்பது ரூபாய், பேரம் கிடையாது. நேற்று மூன்று வேளையும் சாப்பிட்டதைச் சொன்னால் கையில் காசு. ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்கள் இரவு ஷிப்டை இறக்கிவிட்டு உறுமிக்கொண்டு நிற்கின்றன. தள்ளுவண்டி இட்லியின் ஆவிக்குள், ஷிப்ட் முடித்து இறங்கிய ரத்னாவின் சிவந்த கண்கள் கலங்கலாகத் தெரிகின்றன. எதிரே ஆராய்ச்சி மாணவி கலைமணி, கையில் டேப்லெட். இன்று மாலைக்குள் கணக்கெடுப்பு முடியாவிட்டால் அரசு தந்த ஆய்வுப் பணம் திரும்பிப் போகும். அவள் படிப்பும் கூடவே போகும். காலை, மதியம், இரவு என மூன்று கட்டமும் நிரம்பாமல் திரை நகராது. “நேத்துன்னா எந்த நேத்து? நான் இன்னும் தூங்கவே இல்லியேம்மா” என்கிறாள் ரத்னா. “ராத்திரி சாப்பாட்டைச் சொல்லுங்கக்கா.” “ரெண்டு மணிக்கு கேன்டீன்ல சாம்பார் சாதம். அது நேத்தா, இன்னிக்கா? படிச்ச பொண்ணு, நீயே சொல்லு.” “மதியம்?” “தூங்கிக்கினு இருந்தேன்.” “அப்போ இந்த இட்லி காலை டிபன்.” “நல்லா கீதே. இத்தைத் துன்னுட்டுத்தானே படுக்கப் போறேன்? இது ராச்சாப்பாடு.” கலைமணியின் விரல் திரைக்கு மேலே தொங்குகிறது. ஏறுவெயில் கண்ணாடியில் பட்டு எழுத்துகளை அழிக்கிறது. ரத்னா சட்னியை வழித்தபடி, பாவம் என்பதுபோல் அவளைப் பார்க்கிறாள். இரவுக்கு இரண்டு வரவு, மதியத்துக்குத் தூக்கம், காலைக் கட்டம் பாக்கி.