பக்கத்து வீட்டுப் புகை

கனடாவின் ஸ்ரௌவ்வில்லில் ஆவணி வெயில் இறங்குகிறது. பக்கத்து வீட்டு லின் தன் டிரைவ்வேயில் குந்தியிருந்து, தகர வாளிக்குள் போலிக் கடதாசிப் பணத்தை ஒவ்வொன்றாய் எரிக்கிறாள். சீனர்கள் செத்தவர்களுக்கு இப்படி எரித்துப் படைக்கும் மாதம் இது. படியில் வைத்த படத்துக்குள்ளிருந்து, சித்திரையில் இறந்துபோன அவள் கணவர் சிரிக்கிறார்; முன்னால் தோடம்பழங்கள், ஊதுபத்தி. சாம்பல் பறந்துவந்து ஜெயரட்ணத்தின் புதுக் காரில் படிகிறது. அவர் ஃபோனை எடுக்கிறார். "விடுங்கோப்பா, செத்த மனிசனுக்குச் செய்யிறாள்," என்று அவர் மனைவி புனிதவதி கையைப் பிடிக்கிறாள். "தைப்பொங்கலுக்கு நான் கராஜ் வாசல்ல பானை வைக்க, ஃபயர் ட்ரக்கைக் கூப்பிட்டவள் ஆர்? பொங்க முன்னம் தண்ணி ஊத்தி அணைச்சவங்கள்!" கையை உதறிவிட்டுத் தீயணைப்புக்காரருக்கு அழைக்கிறார். அந்தக் கரிக்கறை இன்னும் அவர் வாசலில் கிடக்கிறது. லின் நிமிர்ந்து அவரை நேராகப் பார்க்கிறாள். பார்த்தபடியே, கணவருக்கென்று வாங்கிய கடதாசி ஃபோனைத் தீயில் வைக்கிறாள். அதன் மினுக்கத்தாள் சுருண்டு பச்சையாய் எரிகிறது. ஜெயரட்ணத்தின் ஃபோனில் ஒரு குரல், என்ன எரிகிறதென்று கேட்கிறது. அவர் படியிலிருக்கும் படத்தைப் பார்க்கிறார். பிறகு அவளுக்கும் விளங்கட்டுமென்று, ஆங்கிலத்தில், சத்தமாகச் சொல்கிறார்: "குப்பை."