தொட்டி நாறிய வாரம்

"தொட்டியைப் பார்த்துக்கிற ஆளை இன்னைக்கே வெளியே அனுப்பணும். அதுவரைக்கும் நாங்க நகர மாட்டோம்."

பழச்சாறு ஆலையின் கேட்டில் நின்று தையல்காரம்மாதான் சொன்னாள். பின்னால் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது.

ஆலையின் கழிவுத் தொட்டி ஒரு வாரமாக நாறியது. சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. தைத்துக் கொடுத்த துணியிலும் வாடை ஏறிவிட்டதென்று வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

மேனேஜர் தொட்டிக்காரரைக் கூப்பிட்டு அத்தனை பேர் முன்னாலும் விசாரித்தார். தொட்டிக்குள் காற்று ஊதும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கசடு அழுகாது. அதைப் பகலில் நிறுத்தி வைத்தது ஏன்?

தொட்டிக்காரர் பிடரியைத் தடவினார். "கண்ணசந்துட்டேன் சார்."

"வாரம் பூராவுமா?"



தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ குறட்டை விட, நாங்க மூக்கைப் பிடிச்சுக்கணுமா? வீட்டுல போய்த் தூங்கு."

தெரு சிரித்தது. மேனேஜர் அவரை அப்போதே வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜெயித்த மிதப்பில் திரும்பியவள் கணவரைப் பார்த்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சுவரோரமாக இழுத்துப் போய் என்னவென்று கேட்டாள்.

"நான்தான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். அந்தச் சத்தத்துல நம்ம பையனுக்குப் பகல்ல பொட்டுத் தூக்கம் இல்லே. ராத்திரி பஸ் ஓட்டுறவன். போன வாரம் கண்ணு சொக்கி, வண்டியைப் பள்ளத்துல விடப் பார்த்திருக்கான். நாறும்னு அவர் சொன்னார். நான்தான் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன்."

"நான் அவரை அந்தக் கிழி கிழிச்சேனே, அப்ப உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

கணவரின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். சுவர் திரும்பும் இடத்தில் தொட்டிக்காரர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, மேனேஜர்கிட்ட இவரே சொல்லட்டும்." கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆள்தான் மாறியிருந்தது. "நீங்களும் ஏன் வாயைத் திறக்கலே?"

தொட்டிக்காரர் கேட் பக்கம் பார்த்தார். தெரு இன்னும் கலையவில்லை.

"மெதுவாப் பேசுங்கம்மா. அங்கே நான் சொல்லியிருந்தா, இத்தனை பேரும் இப்ப உங்க வீட்டு வாசல்லதான் நின்னிருப்பாங்க."