கை விசா

செண்பகவல்லி கோவில்பட்டி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கையுறையை மாட்டினால், பனி நாட்டில் தனியாக வாழும் ஹெல்கா என்ற இளம்பெண்ணின் சமையலறையில் இரண்டு இயந்திரக் கைகள் பாத்திரம் கழுவும். அதற்குப் பெயர் கை விசா. பொருளைத் தொடலாம், ஆளைத் தொடக்கூடாது. ஐந்து ஆண்டு பிசகாமல் உழைத்தால் குடும்பத்தோடு அங்கே குடியேறலாம். இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர்கூட வாங்கியாகிவிட்டது.

அன்று கண்ணாடி ஜாடி உடைந்து ஹெல்காவின் மணிக்கட்டைக் கிழித்தது; ரத்தம் பீறிட்டது. செண்பகவல்லி இயந்திரக் கைகளால் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் முன்னிருந்த திரையில் சிவப்பு எழுத்து மின்னியது: உடனே கையை எடுக்கவும்.

"விட்டுரு செம்பா, விசா போயிரும்!" பின்னால் நின்ற கணவன் கருத்தப்பாண்டி பதறினான்.

"விட்டா அந்தப் பிள்ள செத்துரும். சும்மா இருங்க."

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. வந்தவர்கள் காயத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவள் கையை எடுத்தாள். திரை இருண்டது. 'நீங்கள் நாடு கடத்தப்பட்டீர்கள்' என்று வந்ததை, சொந்த வீட்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே படித்தாள்.

மறுநாள் மேல்முறையீட்டுப் படிவம் வந்தது. ஒரே கேள்வி: இனி எந்த நிலையிலும் ஆளைத் தொடமாட்டேன் என்று உறுதி தருகிறீர்களா? 'ஆம்' என்றால் விசா திரும்பக் கிடைக்கும்.

"பிள்ளைகள நெனச்சு ஆமான்னு போட்டுரு," என்று கெஞ்சினான் கருத்தப்பாண்டி.

"இன்னொருத்திக்கு அறுபட்டா நான் கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா?"

செண்பகவல்லி 'இல்லை'யை அழுத்தினாள்.