ஒன்பது பங்குச் சூடு

மூன்றாவது தடவை கூட்டியும் தொண்ணூற்றொன்றுதான் வந்தது.

அப்பாசாமி பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டார். எரிந்த எண்ணெயின் சூடு நூறு பங்கு என்றால், அரிசி மில்லை ஓட்டியது இருபத்தைந்து. புகையோடு போனது முப்பத்திரண்டு. இன்ஜின் உடம்பிலிருந்து காற்றில் கலந்தது எட்டு. இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர், அளவு பார்க்கும் பீப்பாய்க்குக் கொண்டுவந்தது இருபத்தாறு.

மீதி ஒன்பது பங்கைக் காணோம்.

எதிரே பரிசோதகர் இராமலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலு மாதம். சர்டிபிகேட் இல்லாதவன் இனி இன்ஜினைத் தொடக்கூடாது என்று காஜா பெராங்கிலுள்ள இந்த மில்லுக்குக் கடுதாசி வந்துவிட்டது. பதினோரு வருஷம் இதே இன்ஜினோடு மல்லுக்கட்டிய அப்பாசாமி, இன்று தேறாவிட்டால் நாளை மூட்டை தூக்க வேண்டியதுதான்.

“சூடு எங்கையும் தொலைஞ்சு போகாது. அந்த ஒன்பது பங்கு எங்கை போயிட்டுது?” என்றார் பரிசோதகர்.

அப்பாசாமி கணக்கை மறுபடி மேலிருந்து பார்த்தார். எண்ணெயை எடை போட்டதில் பிசகா? ராப்பகலாகப் படித்த பாடம், நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டதே!

அப்போது பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. கூடவே சாம்பிராணி வாசம் வந்தது.

அவருக்குப் பகீரென்றது.

பிள்ளை பிறந்த இந்தப் பதினாறு நாளாகத் தினமும் இந்நேரத்துக்கு மூன்று தகரம் வெந்நீர். யாருக்கும் தெரியாமல் இன்ஜின் குழாயில் துளை போட்டுச் சுவர் வழியாகப் பின்னாலிருந்த தன் வீட்டுக்குக் கிளை இழுத்தவரே அவர்தான். இன்றைக்கு மட்டும் வெந்நீர் பிடிக்காதே என்று மனைவி கோகிலாவிடம் சொல்ல மறந்துபோனார். பரீட்சைப் பரபரப்பு.

தெரியவில்லை என்றாலும் தோல்விதான். உண்மையைச் சொன்னாலோ, கள்ளக் குழாய் வைத்தவனுக்கு யார் சர்டிபிகேட் கொடுப்பார்கள்? வேலையே போய்விடும்.

“என் பொஞ்சாதியும் மகளும் குளிச்சிட்டாங்க, ஐயா.”

இராமலிங்கம் எழுந்துபோய்ச் சுவரோரம் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் சுட்டதும் கையை உதறினார். திரும்பி வந்து உட்கார்ந்து ஏதோ எழுதினார். தொலைந்தோம் என்று அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

தாள் அவர் பக்கம் நகர்ந்து வந்தது.

அவருடைய நான்கு வரிகளுக்குக் கீழே, பரிசோதகர் கையால் ஐந்தாவதாக ஒரு வரி: பிள்ளைக் குளியல், ஒன்பது.

அதற்குக் கீழே நூறு. அதற்கும் கீழே கையெழுத்து.